சிட்டி 2 – ஆர்சனல் 2: பெருமைப்படவும் முடியல, மனசு ஆறவும் இல்ல

கோடம்பாக்கம்_கன்னர்
22 செப்டம்பர் 2024, இரவு 11:45

மேட்ச் முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சு, மனசு இன்னும் எந்தப் பக்கமும் சாயல. இங்கிலாந்து பிரீமியர் லீக் மேட்ச், மான்செஸ்டர் சிட்டியோட சொந்த எடிஹாட் மைதானம். தொடர்ந்து நாலு சீசன் லீக் ஜெயிச்ச டீம். நம்ம கேப்டன் ஓடகார்ட் கணுக்கால் காயத்துல வெளியே. இரண்டாம் பாதி முழுக்க 10 பேர். அப்படியும் 90+8 (90க்கு மேல கொடுத்த கூடுதல் நேரத்துல எட்டாவது நிமிஷம்) வரைக்கும் 2-1 முன்னிலை. மேட்சுக்கு முன்னாடி "ஒரு பாயிண்ட் தரேன், எடுத்துக்கிறியா"ன்னு கேட்டிருந்தா ரெண்டு கையையும் நீட்டி வாங்கியிருப்போம். இப்ப அதே ஒரு பாயிண்ட், கையில இருந்த மூணுல ரெண்டைப் பிடுங்கிட்டு மிச்சத்தைக் கொடுத்த மாதிரி இருக்கு.

தடுத்து ஆடின விதத்துல எனக்குக் குறையே இல்லை. கீப்பர் ராயா, டிஃபெண்டர்கள் சாலிபா, கேப்ரியல் மூணு பேரையும் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். வயிறு எரியுறது 45+8ல நடந்ததை நினைச்சுத்தான். ஆகஸ்ட் 31ல பிரைட்டனுக்கு எதிரா நம்ம ரைஸ் விசிலுக்கு அப்புறம் பந்தைத் தட்டிவிட்டு ரெண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி ரெட் கார்டுல போனார், 1-1ல முடிஞ்சது. மூணு வாரத்துல அதே தப்பை ட்ரோசார்ட் பண்றார்.

ரெட் கார்டு சரியா? இடைவேளையில விங்கர் சாகாவை வெளியே எடுத்தது சரியா? அந்தக் கடைசி கார்னர்ல எங்க ஓட்டை விழுந்தது? பார்த்தவங்க எழுதுங்க. வெறும் "நடுவர் திருடிட்டார்" மட்டும் வேண்டாம்.

நீலவானம்
22 செப்டம்பர் 2024, இரவு 11:58

சிட்டி ரசிகன்தான், சண்டைக்கு வரல. உங்க மனநிலைக்கு நேர் எதிர்ப்பக்கத்துல எங்களுக்கும் அதே குழப்பம். 10 பேருக்கு எதிரா ஒரு பாதி முழுக்க ஆடி, அந்தப் பாதியில மட்டும் 28 ஷாட் அடிச்சு, ஒரே ஒரு கோல். அதுவும் கடைசி மூச்சுல. 21வது நிமிஷத்துல எங்க நடுக்களக்காரர் ரோட்ரி முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு வெளியே போனது இந்த ரெண்டு பாயிண்டை விடப் பெரிய கவலை.

முதல் கோலைப் பத்தி யாரும் பேசாததால சொல்றேன். 9வது நிமிஷம். எங்க விங்கர் சாவின்யோ வலது ஓரத்துல நிக்காம உள்ளே இறங்கி வந்தார். உங்க லெஃப்ட் பேக் கலாஃபியோரி அவர் பின்னாடியே நடுக்களம் வரைக்கும் வந்துட்டார். சாவின்யோ ஒரே சுழற்சியில அவரைக் கழட்டிவிட்ட உடனே உங்க பின்வரிசையில இடது பக்கம் காலி. சாலிபாவுக்கும் கேப்ரியலுக்கும் நடுவுல பந்து போச்சு, ஹாலண்ட் போட்டார். சிட்டிக்கு 105 மேட்ச்ல 100வது கோல். கலாஃபியோரிக்கு லீக்ல முதல் ஸ்டார்ட். ஓரத்து ஆட்டக்காரன் உள்ளே போனா எதுவரைக்கும் துரத்தணும், எங்க நடுக்களக்காரன்கிட்ட ஒப்படைச்சுட்டுத் திரும்பணும்ங்கிறது சேர்ந்து ஆடி ஆடித்தான் படியும்.

விதி_12
23 செப்டம்பர் 2024, காலை 7:10

ரெட் கார்டு குறித்து விதியில் உள்ளதை மட்டும் எழுதுகிறேன்.

மறுதொடக்கத்தைத் தாமதப்படுத்துவது மஞ்சள் அட்டைக்குரிய குற்றம். விசிலுக்குப் பிறகு பந்தை உதைத்துத் தள்ளுவது, கையில் எடுத்துக்கொண்டு போவது, ஃப்ரீ கிக் எடுப்பவரின் முன்னால் போய் நிற்பது எல்லாம் இதில் அடங்கும். எவ்வளவு தூரம் உதைத்தார், எத்தனை நொடி வீணானது என்ற கணக்கு விதியில் இல்லை. ட்ரோசார்ட் சிட்டியின் பெர்னார்டோ சில்வாவை மோதித் தள்ளினார்; அது ஃபவுல், ஃப்ரீ கிக்கோடு முடிந்திருக்கும். அதன் பிறகு பந்தை அடித்தார். ஏற்கனவே ஒரு மஞ்சள் இருந்ததால் வெளியே. நடுவர் மைக்கேல் ஆலிவர் விதிக்கு வெளியே எதுவும் செய்யவில்லை.

வி.ஏ.ஆர் (வீடியோ உதவி நடுவர்) ஏன் தலையிடவில்லை என்று பலர் கேட்கிறார்கள். 2024-25 சீசன் விதிப்படி, சிவப்பு அட்டைகளில் நேரடியானதை மட்டுமே அது பார்க்க முடியும். இரண்டாவது மஞ்சளால் வரும் சிவப்பு அதன் வரம்பில் இல்லை. மைதானத்தில் ஆலிவர் எடுத்த முடிவே இறுதி.

ஆர்சனல் ரசிகர்களின் நியாயமான குறை வேறு இடத்தில் இருக்கிறது. முதல் பாதியில் சிட்டியின் டோகுவும் ஃப்ரீ கிக் கொடுக்கப்பட்ட பிறகு பந்தை உதைத்துத் தள்ளினார். அட்டை வரவில்லை. ஒரே ஆட்டத்தில், ஒரே நடுவர், ஒரே குற்றம். ட்ரோசார்டுக்குக் காட்டியது தவறு என்று இதனால் ஆகிவிடாது. டோகுவுக்குக் காட்டாதது தவறு.

மிட்ஃபீல்ட்_மாறன்
23 செப்டம்பர் 2024, காலை 7:52

@விதி_12 சார், அப்போ 22வது நிமிஷத்துல ஃப்ரீ கிக்ல இருந்து வந்த நம்ம கலாஃபியோரி கோல்? நடுவர் ரெண்டு கேப்டனையும் கூப்பிட்டுப் பேசினார். சிட்டி கேப்டன் வாக்கர் தன் இடத்துக்கு ஓடிட்டு இருக்கும்போதே நம்ம பார்ட்டே பந்தை இடது பக்கம் அனுப்பிட்டார். மார்ட்டினெல்லி முன்னாடி ஆளே இல்லை. சிட்டிக்காரங்க கத்தினதுல நியாயம் இருக்குன்னு எனக்குத் தோணுது.

விதி_12
23 செப்டம்பர் 2024, காலை 8:20

நியாயம் இருக்கிறது; விதி மீறல் இல்லை. வேகமாக ஃப்ரீ கிக் எடுக்க எதிரணி தயாராக இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நடுவர் ஆட்டத்தை நிறுத்திவைத்து விசிலுக்குக் காத்திருக்கச் சொன்னால் மட்டும் விசில் வரும்வரை காக்க வேண்டும். கேப்டனை அழைத்துப் பேசினால் அவர் திரும்பிப் போக அவகாசம் தருவது நல்ல நடைமுறை. ஆலிவர் அந்த அவகாசத்தைத் தரவில்லை. சிட்டி பயிற்சியாளர் பெப் கொதித்தது புரிகிறது.

ஆனால் சிட்டியிடம் மீதி மூன்று பின்வரிசைக்காரர்கள் இருந்தார்கள். கேப்டனை நடுவர் அழைத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் அந்த இடத்தை நிரப்புவதும், ஒருவர் பந்துக்கு அருகில் 9.15 மீட்டரில் நின்று வேகமான பாஸை மெதுவாக்குவதும் அடிப்படைப் பாடம். இரண்டையும் யாரும் செய்யவில்லை.

இடதுகால்
23 செப்டம்பர் 2024, காலை 9:05

விதி கிடக்கட்டும், அந்த ஷாட்டைப் பாருங்கய்யா. மார்ட்டினெல்லி ஓரத்துல பந்தை நிறுத்தி பின்னாடி தள்ளுறார். கலாஃபியோரி பெனால்டி பாக்ஸுக்கு வெளியே. அங்கேருந்து இடதுகால் உள்பக்கத்தால, உடம்பைச் சாய்க்காம வளைச்சு, தூரப் போஸ்ட்டோட மேல் மூலை. சிட்டி கீப்பர் எடர்சன் முழு நீளத்துக்குப் பாய்ஞ்சும் விரல்கூடப் படல. 9வது நிமிஷத்துல ஏமாந்த அதே ஆள் 22வது நிமிஷத்துல இதைப் போட்டிருக்கார்.

கார்னர்_கணக்கு
23 செப்டம்பர் 2024, மதியம் 1:30

ரெண்டு கார்னர் பத்தி எழுதணும். ஒண்ணு நாம போட்டது, இன்னொண்ணு வாங்கினது.

கேப்ரியல் கோல் 45+1ல. அதுக்குச் சில நிமிஷம் முன்னாடிதான் அச்சுல வார்த்த மாதிரி அதே கார்னர்ல கேப்ரியல் ஆளில்லாம தலையால முட்டி வெளியே அடிச்சார். சிட்டி பார்த்தும் மாத்தல. திரும்பவும் சாகா வலது மூலையில இருந்து இடதுகாலால உள்ளே வளையுற பந்து. நம்ம ஆளுங்க முதல்ல தூரப் போஸ்ட் பக்கம் கும்பலா நிப்பாங்க. சாகா ஓட ஆரம்பிச்சதும் கும்பல் கலைஞ்சு கிட்டப் போஸ்ட்டுக்கும் நடுவுக்கும் ஓடும். அவங்களோட எதிரணி ஆளுங்களும் இழுபட்டுப் போவாங்க. கீப்பருக்கு நேர் முன்னாடி ஒருத்தர் நிப்பார், கைவைக்க மாட்டார், ஆனா கீப்பர் வெளியே வர வழியும் இருக்காது. கேப்ரியல் மட்டும் கொஞ்சம் தாமதிச்சு பின்னாலிருந்து வேகமெடுத்து வருவார். ஓடிவந்து எகிறுறவனை, நின்ன இடத்துல எகிறுறவன் உயரத்துல தோற்கடிக்கவே முடியாது. வாக்கருக்கு நடந்தது அதுதான். போன வாரம் டாட்டன்ஹாம்ல 1-0 ஜெயிச்சதும் இதே சாகா கார்னர், இதே கேப்ரியல் தலை. இதைச் சொல்லித்தர்ற நிக்கோலா ஜோவர் 2021ல நம்மகிட்ட வர்றதுக்கு முன்னாடி சிட்டியிலதான் வேலை பார்த்தார்.

இப்ப வாங்கினது. சிட்டி ஷார்ட் கார்னர் எடுத்தாங்க, அதாவது நேரா உள்ளே அடிக்காம பக்கத்துல நிக்கிறவருக்குச் சின்ன பாஸ். பந்து கிரீலிஷ்கிட்ட போய் பாக்ஸுக்குள்ள வந்தது, கோவாசிச் அடிச்சார், நம்ம ஆள் மேல பட்டு ஸ்டோன்ஸ் முன்னாடி விழுந்தது. உள்ளே தள்ளிட்டார்.

10 பேர் இருக்கும்போது ஷார்ட் கார்னர் ஏன் விஷம்னா: மூலையில ரெண்டு பேர் நின்னா நாமளும் ரெண்டு பேரை அனுப்பணும். ஒருத்தரை மட்டும் அனுப்பினா ரெண்டுக்கு ஒண்ணு ஆகி நிம்மதியா கிராஸ் வரும். ரெண்டு பேரை அனுப்பினா கீப்பர் போக உள்ளே ஏழே பேர். அந்த ஏழு பேரும் கோலுக்கு முன்னாடி 5.5 மீட்டர் கோட்டுல இடத்தைக் காக்க நிக்கிறவங்க. நேரா வர்ற கார்னருக்கு அது சரியான இடம். பந்து ஷார்ட்டாப் போன அந்த நொடியிலேயே அது தப்பான இடமாயிடுது.

காரணம் ஆஃப்சைடு (பந்து அடிக்கப்படுற நொடியில, கீப்பர் போக கடைசி டிஃபெண்டரைத் தாண்டி கோல் பக்கம் நிக்கிறது). கார்னர்ல இருந்து நேரா வர்ற பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. அடுத்த பாஸ்ல இருந்து உண்டு. ஷார்ட்டாப் போனதும் ஒருத்தர் குரல் கொடுத்து வரிசை மொத்தமும் பெனால்டி புள்ளி வரைக்கும் ஏறினா, உள்ளே நிக்கிற சிட்டிக்காரங்க அத்தனை பேரும் ஆஃப்சைடுல மாட்டுவாங்க. கோவாசிச் அடிச்ச நொடியில ஸ்டோன்ஸ் எங்க நின்னார்ங்கிறதுதான் கணக்கு. நடுவுல டிஃபெண்டர் மேல பட்டுத் திரும்பினது அதை மாத்தாது. கோல் செல்லும்னு ஆச்சுன்னா நம்ம வரிசை கீழேயே தங்கிடுச்சுன்னு அர்த்தம். 97 நிமிஷம் ஓடின காலுக்கு அந்த அஞ்சாறு மீட்டர் ஏர்றது மலையேறுற மாதிரி, ஒத்துக்கிறேன். ஆனா அந்த ஒரு இடம்தான்.

கோடம்பாக்கம்_கன்னர்
23 செப்டம்பர் 2024, மதியம் 2:15

@கார்னர்_கணக்கு இதுக்குத்தான் இழையே போட்டேன், நன்றி. ஒரு சந்தேகம். அந்த நேரத்துல குரல் கொடுக்க வேண்டியது யார்? ராயாவா, சாலிபாவா?

கார்னர்_கணக்கு
23 செப்டம்பர் 2024, மதியம் 2:40

வழக்கமா நடு சென்டர்பேக். கீப்பருக்குப் பந்து மேலயே கண்ணு இருக்கணும், முன்னாடி கும்பல் வேற. ஆனா வரிசையில புதுசா வந்தவங்க இருந்தா குரல் கேட்டாலும் கால் அரை நொடி பிந்தும். கலாஃபியோரி தசைப்பிடிப்புல வெளியே போயிட்டார். மைல்ஸ் லூயிஸ்-ஸ்கெல்லி கடைசி நேரத்துல உள்ளே வந்தார், 17 வயசு, லீக்ல முதல் மேட்ச். களத்துல கால் வைக்கிறதுக்கு முன்னாடியே மஞ்சள் அட்டையும் வாங்கியிருந்தார். அவரைக் குறை சொல்றதுக்காக எழுதல. முதல்ல இருந்து நின்ன அதே அஞ்சு பேர் கடைசி வரைக்கும் நிக்க முடியலங்கிறதுதான் விஷயம்.

மிட்ஃபீல்ட்_மாறன்
23 செப்டம்பர் 2024, மாலை 6:20

எல்லாரும் கடைசி கார்னர்லயே நிக்கிறீங்க. என் கணக்குல தப்பு 46வது நிமிஷத்துல ஆரம்பிச்சது. சாகாவை எடுத்துட்டு டிஃபெண்டர் ஒயிட்டை இறக்கினாங்க. சரி, அஞ்சாவது டிஃபெண்டர் வேணும், புரியுது. ஆனா சாகா போனதும் பந்தைப் பிடிச்சு வெச்சுக்க ஆளே இல்லாம போச்சு. ஹாவர்ட்ஸும் மார்ட்டினெல்லியும் நடுவரிசையோட சேர்ந்து நம்ம பாக்ஸ் ஓரத்துல நிக்கிறாங்க. 5-4-0. அஞ்சு டிஃபெண்டர், நாலு நடுக்களக்காரர், முன்னாடி சைபர்; அந்தக் கடைசி சைபர்தான் பிரச்சனை.

அடிச்சு வெளியே அனுப்புற ஒவ்வொரு பந்தும் சிட்டி சென்டர்பேக் கிட்ட நேராப் போகுது. அஞ்சு செகண்ட்ல திரும்பி வருது. இரண்டாம் பாதியில நம்மகிட்ட பந்து இருந்தது 12.5 சதவீதம். முன்னாடி ஒரே ஒரு வேகமான ஆள் நின்னா போதும், டியாஸ், அகாஞ்சி ரெண்டு பேரும் நடுக்கோட்டுக்குப் பின்னாடி தங்கித்தான் ஆகணும். யாருமே இல்லாததால டியாஸே முன்னாடி வந்து ஷாட் அடிக்கிறார், ராயா பாய்ஞ்சு தடுக்கிறார். குவார்டியோல் விங்கர் மாதிரி சுத்துறார். முதல் பாதியில சாகாவைப் பார்த்துக்கிட்டு பின்னாடியே இருந்தவர் அவர்.

2012 ஏப்ரல் 24, பார்சலோனாவோட கேம்ப் நோ மைதானத்துல செல்சீ ஆடினதைப் பாருங்க. டெர்ரி 37வது நிமிஷத்துல ரெட். 2-0 பின்தங்கி, பாதி முடியுற நேரத்துல ராமிரெஸ் ஒண்ணு போட்டு, இரண்டாம் பாதி முழுக்க 10 பேர். ட்ரோக்பாவே லெஃப்ட் பேக் மாதிரி ஓடினார். ஆனா 80வது நிமிஷத்துல டாரெஸ் உள்ளே வந்தார். கடைசியில ஒரே ஒரு கிளியரன்ஸ், பாதிக்களம் முழுக்க காலி, கீப்பர் வால்டெஸைச் சுத்திக்கிட்டுப் போய் 2-2. அப்படி கோல் வரணும்னா முன்னாடி ஒரு ஆள் நிக்கணும்.

சுவர்க்கோட்டை
23 செப்டம்பர் 2024, இரவு 8:05

மாறன் சொல்றதுல பாதி சரி. மீதிப் பாதிக்குப் பதில் சொல்றேன்.

பாக்ஸோட அகலம் 40.3 மீட்டர். அஞ்சு பேர் அதுல பரவி நின்னா ஆளுக்கு 8 மீட்டர். நாலு பேர்னா 10 மீட்டர். அந்த ரெண்டு மீட்டர் வித்தியாசத்துலதான் பெர்னார்டோ மாதிரி ஆள் நடுவுல நுழைஞ்சு பந்து வாங்குவார். சிட்டி தாக்கும்போது மேல் வரிசையில அஞ்சு பேர் பரவி நிப்பாங்க. நாலு பேரா நின்னா எப்பவும் ஒருத்தர் மிச்சம். அதனால அஞ்சு கட்டாயம்.

அதுக்கு முன்னாடி நாலு பேர் எதுக்கு? பாக்ஸ் விளிம்பை அடைக்க. மூணு பேர்னா (5-3-1) பந்து ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரத்துக்கு மாறும்போது மூணு பேரும் 30 மீட்டர் ஓடணும், ஓடி முடிக்கிறதுக்குள்ள அடுத்த பக்கம் மாறிடும். நாலு பேர்னா அந்தத் தூரம் குறையும். முன்னாடி ஒருத்தரை விட்டா இந்த விலையைக் கொடுக்கணும்.

என்ன விட்டுக்கொடுக்கிறதுன்னு முடிவு பண்ணினதும் தெளிவா இருந்தது. ஓரத்துல இருந்து மேல வர்ற கிராஸ் வரட்டும், சாலிபாவும் கேப்ரியலும் பார்த்துப்பாங்க. 20 மீட்டருக்கு வெளியே இருந்து அடிக்கிறதும் அடிக்கட்டும், ராயா பார்த்துப்பார். வரவே கூடாதது ரெண்டு: வரிசைக்கு நடுவுல போற த்ரூ பால், கோட்டு வரைக்கும் போய்ப் பின்னாடி இழுத்துத் தர்ற பாஸ். 28 ஷாட்டையும் திரும்ப ஓடவிட்டுப் பாருங்க, கணிசமானது தூரத்துல இருந்து வந்தது. ஹாலண்ட் கால்ல சுத்தமான வாய்ப்பு எத்தனை வந்தது? முதல் பாதியில ஒரு இடைவெளியைக் கொடுத்ததுக்கு அவர் என்ன பண்ணினார்னு பார்த்தோம். அதே ஆள் இரண்டாம் பாதியில திணறினார்.

சாகா விஷயம்: 15ந்தேதி டாட்டன்ஹாம், 19ந்தேதி இத்தாலியில பெர்காமோல அட்டலாண்டா, 22ல இது. எட்டு நாள்ல மூணாவது மேட்ச், மூணும் வெளியூர். அவரை வெச்சிருந்தா யாரை எடுக்கிறது? மார்ட்டினெல்லியை எடுத்திருக்கலாம்னு சொல்லலாம். ஆனா பின்னாடி ஓடி அடைக்கிறதுல மார்ட்டினெல்லி சாகாவை விடச் சளைக்காதவர். எனக்கு நம்ம கோச் ஆர்டெட்டா முடிவுல தப்பு தெரியல. 75வது நிமிஷத்துக்கு மேல புதுக்கால் ஒண்ணை முன்னாடி நிறுத்தி மூச்சு வாங்க வெச்சிருக்கலாம்ங்கிறதுல மட்டும் மாறனோட நிக்கிறேன்.

மிட்ஃபீல்ட்_மாறன்
23 செப்டம்பர் 2024, இரவு 8:31

அந்தக் கடைசி வரிதான் நான் கேட்டதே. 46ல இருந்து 75 வரைக்கும் நீங்க சொன்ன 5-4-0. அதுக்கப்புறம் 5-3-1. ஓடி ஓடிக் கால் பிடிச்சு இழுக்கிற நேரத்துல பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எதிரணி பாதியில ஒரு த்ரோ-இன் கிடைச்சா அதுவே ஓய்வு.

நீலவானம்
23 செப்டம்பர் 2024, இரவு 9:10

எங்க பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்லலாமா? நீங்க சொல்ற சுவரை உடைக்கிறதுக்கு எங்களுக்குத் தேவைப்பட்ட ஆள் ரோட்ரி. பந்தை ஒரே தொடுதல்ல இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்கு மாத்துறதும், உங்க நால்வர் வரிசை நகர்ந்து முடிக்கிறதுக்குள்ள அடுத்த பாஸ் போறதும் அவர் வேலை. கோவாசிச் பந்தைக் கால்ல வெச்சு ஓடுற ஆள். வாங்கித் திரும்பி ரெண்டு தட்டு தட்டுறதுக்குள்ள உங்க வரிசை இடத்துல வந்து நின்னுடும். அதனாலதான் தூரத்துல இருந்தே அடிச்சுக்கிட்டு இருந்தோம்.

நேரம் கடத்தினதைப் பத்தியும் சொல்லணும். எங்க ஆளுங்க மேட்சுக்கு அப்புறம் கோபமா பேசினது அதனாலதான். இந்த 2024-25 சீசன் விதிப்படி அடிபட்டு சிகிச்சை வாங்கின வீரர் மறுதொடக்கத்துக்கு அப்புறம் 30 செகண்ட் வெளியே நிக்கணும், ஆனா கோல்கீப்பருக்கு அந்த விதி கிடையாது. கீப்பர் உட்கார்ந்தா மொத்த டீமும் கோச் கிட்டப் போய்ப் பாடம் கேட்டுட்டு வரலாம். விதியில அது ஓட்டை.

விதி_12
23 செப்டம்பர் 2024, இரவு 9:40

ஓட்டைதான். கீப்பர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்க முடியாது என்பதால் விலக்கு வைத்தார்கள். அது வேறு வேலைக்குப் பயன்படுகிறது. பதிலுக்கு நடுவரிடம் இருக்கும் ஒரே கருவி கூடுதல் நேரம். பலகையில் 7 நிமிடம் காட்டினார்கள். அது குறைந்தபட்சம்தான், அதற்குள் வீணாகும் நேரத்தையும் நடுவர் சேர்க்கலாம். கோல் எட்டாவது கூடுதல் நிமிடக் கணக்கில் வந்தது இதனால்தான். அதில் முறைகேடு எதுவும் இல்லை.

கோடம்பாக்கம்_கன்னர்
23 செப்டம்பர் 2024, இரவு 10:25

நேரம் கடத்தினதுக்கு நான் வெட்கப்படப் போறதில்லை. 10 பேர் ஒரு பாதி முழுக்க மூச்சுவிட வழி தேடினாங்க. ஆனா ட்ரோசார்ட் விஷயத்துல @விதி_12 எழுதினதைப் படிச்சதும் ஆறுதல் தேட வழியில்லை. ஃபவுல் பண்ணியாச்சு, விசில் அடிச்சாச்சு, ஒரு மஞ்சள் ஏற்கனவே இருக்கு, பாதி முடிய இன்னும் சில நொடிதான். அந்த இடத்துல செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. பந்து எங்க கிடந்தாலும் அதைத் தொடாம நாலு அடி பின்னாடி நடக்கணும். ரைஸுக்கு நடந்தப்பவே ட்ரெஸ்ஸிங் ரூம்ல இதைப் பேசியிருக்கணும். மஞ்சள் வாங்கினவர் ஃபவுல் பண்ணினா பக்கத்துல இருக்கிறவர் உடனே ஓடி அவரை இழுத்துக்கிட்டுப் போகணும்.

கணக்கையும் பாருங்க. இப்ப 5 மேட்ச்ல சிட்டி 13, நாம 11. 2-1ல முடிஞ்சிருந்தா நாம 13, சிட்டி 12. போன சீசன் முடிவுல சிட்டி 91, நாம 89. ரெண்டே ரெண்டு பாயிண்ட்ல கோப்பை போன டீமுக்கு செப்டம்பர் மாசத்து ரெண்டு பாயிண்டும் கனமாத்தான் இருக்கும்.

பழைய_ஹைபரி
24 செப்டம்பர் 2024, காலை 6:45

தம்பி, கணக்கு சரிதான். ஆனா இன்னொரு கணக்கும் போடணும். 2023 ஏப்ரல்ல இதே மைதானத்துல 4-1 வாங்கினோம், 11 பேரோட. 2024 மார்ச்ல 0-0. இப்ப 10 பேரோட 2-2. சாலிபா இல்லாம சிதறின பின்வரிசைதான் அந்த 4-1ல நின்னது. இன்னைக்கு நிக்கிறது அதே கிளப்பா? வியாழக்கிழமை அட்டலாண்டா மேட்ச்ல ராயா ரெத்தேகியோட பெனால்டியைத் தடுத்து, திரும்பி வந்த பந்தையும் எழுந்து பாய்ஞ்சு தடுத்தாரே, மூணு நாள்ல இப்படி ஒரு பாதி. இந்தப் பின்வரிசையை நம்பி ஒரு சீசனைக் கொடுக்கலாம்.

நேர்கோடு
24 செப்டம்பர் 2024, காலை 10:30

ஒரு நடைமுறைக் கேள்வி. ட்ரோசார்ட் சனிக்கிழமை லெஸ்டருக்கு எதிரா இருப்பாரா? ரைஸ் அடுத்த லீக் மேட்ச்ல இல்லாம போனாரே.

விதி_12
24 செப்டம்பர் 2024, காலை 11:02

இருப்பார். இரண்டு மஞ்சளால் வந்த சிவப்புக்கு ஒரு ஆட்டத் தடை. லீகில் வாங்கிய சிவப்பு அட்டைக்கு, அடுத்து வரும் உள்நாட்டுப் போட்டி எதுவானாலும் கணக்கில் சேரும். 25ஆம் தேதி போல்டனுடன் லீக் கப் ஆட்டம் இருக்கிறது. தடை அதிலேயே கழிந்துவிடும். ரைஸுக்கு அப்போது இடையில் கப் ஆட்டம் எதுவும் இல்லை. அதனால் டாட்டன்ஹாம் ஆட்டத்தை இழந்தார்.

நீலவானம்
27 செப்டம்பர் 2024, இரவு 9:15

இழை கீழே போயிடுச்சு, இருந்தாலும் இங்கேயே போடுறேன். ரோட்ரிக்கு வலது முழங்கால்ல ஏ.சி.எல் தசைநார் கிழிஞ்சிருக்கு. பெப் உறுதிப்படுத்திட்டார், இந்த சீசன் அவ்வளவுதான். ஒரு கார்னருக்கு இடம் பிடிக்க பார்ட்டேவோட நடந்த சாதாரணத் தள்ளுமுள்ளுல கால் புல்லுல மாட்டி நடந்தது. பார்ட்டே மேல எந்தக் குறையும் இல்லை.

கோடம்பாக்கம்_கன்னர்
27 செப்டம்பர் 2024, இரவு 10:50

@நீலவானம் கேட்கவே கஷ்டமா இருக்கு. அவர் சீக்கிரம் திரும்பணும். எந்த டீம் ரசிகனா இருந்தாலும் அந்த ஆட்டத்தைப் பார்க்கத்தான் ஆசைப்படுவான்.

இரண்டாம் பாதியை முழுசா மறுபடி ஓடவிட்டேன். @கார்னர்_கணக்கு சொன்ன வரிசையை மட்டும் கவனிச்சேன். முதல் அரை மணி நேரம் ஒவ்வொரு கிளியரன்ஸுக்கும் அஞ்சு பேரும் ஒண்ணா ஏறி வர்றாங்க, கேப்ரியல் கையை ஆட்டி ஆட்டி இழுத்துட்டு வர்றார். போகப்போக அந்த ஏற்றம் குறையுது, கடைசியில பந்தை அடிச்சுட்டு அதே இடத்துல முழங்கால்ல கை வெச்சு நிக்கிறாங்க. மாறன் கேட்ட ஒரு த்ரோ-இன்னும், கணக்கு சார் கேட்ட அஞ்சு மீட்டரும் ஒரே விஷயம்தான்னு அப்பத்தான் புரிஞ்சது.

வயிறு எரியுறது நிக்கல. ஆனா கேப்ரியல் கையை ஆட்டுற அந்த அரை மணி நேரத்தை நான் ரெண்டு தடவை பார்த்தேன். நாளைக்கு லெஸ்டர் மேட்சுக்குத் தனி இழை போடுறேன், அங்கே வாங்க.